படியாத நட்சத்திரம்

தன் சொந்தப் படுக்கையறைக்குள் நுழைய முடியாமல் இஸ்திரியம்மா வாசலிலேயே நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. கதவைத் தள்ளிக் காலை எடுத்து வைத்ததுமே உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகக் கத்தின.

"அண்ணி, மிதிச்சிடாதீங்க!"

"அங்கேயே நில்லும்மா, அங்கேயே நில்லு!"

நின்றாள். கையிலிருந்த குடை அவள் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலைத் தூக்கிச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். தரை முழுக்கத் துணித்துண்டுகள்: நீலம், சாம்பல், செங்கல் நிறம், கோடு போட்டது, பொடிக்கட்டம். நடுவில் அவள் புருஷனும் அவருடைய தங்கையும் மண்டி போட்டு, தலையோடு தலை முட்டாத குறையாகக் குனிந்திருந்தார்கள். அவள் வருவதற்குச் சற்று முன்னால் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பின் மிச்சம் இருவர் முகத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்குச் சிரித்தோம் என்று அவளிடம் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

"இன்னிக்கு எங்க படுக்கறது?" என்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் முன்னறையில படுத்துக்கலாம்மா," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அந்த ஒரு நாள் இழுத்துக்கொண்டே போனது. முன்னறையில் பாயை விரித்துப் படுத்த இஸ்திரியம்மாவுக்கு முதுகும் வலித்தது, மனசும் வலித்தது. முதுகுக்குத் தைலம் இருந்தது.

அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளும் சீருடைகளும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். அதனால்தான் தெருவுக்கே அவள் இஸ்திரியம்மா. அவள் புருஷன் ஒரு தையல் ஆலையில் துணி வெட்டுகிறவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். சத்தம் போட்டுப் பேசாத வீடு. மாஸ்டர் மனைவியை 'ஏம்மா', 'என்னம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவைகூட முகம் சுளித்தது கிடையாது. உங்களுக்கென்னம்மா, தங்கமான மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும். குட்டி வரும்வரை பெருமையாகத்தான் இருந்தது.

குட்டி என்றால் ஏதோ பள்ளிக்கூடம் போகிற பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள், மூக்குக்கண்ணாடி போட்டவள், திரைச்சீலை தைக்கிற கடையில் மெஷின் மிதிக்கிறவள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு போனால் திரும்பி வர மாதமாகும். அடைமழையில் அவள் வீட்டுக் கூரை ஒழுக, பெட்டியையும் தன் தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெட்டி ஒரு மூலையில் அடங்கிவிட்டது. மெஷின்தான் அடங்கவில்லை.

வந்த மறுநாளே அவள் கண் படுக்கையறைப் போர்வையில் விழுந்தது.

"அண்ணா, என்ன இது, கிழிஞ்ச சாக்கு மாதிரி? இதைப் போத்திக்கிட்டா ரெண்டு பேரும் தூங்கறீங்க?"

"கடையில வாங்கணும்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றாள் இஸ்திரியம்மா.

"கடையில எதுக்கு அண்ணி? அண்ணன் ஆலையில கழிச்ச துண்டுத்துணி மூட்டையா கிடக்கு. நாங்க தைச்சுத் தரோம். ஒரே நட்சத்திரம். கட்டில் நடுவுல ஆரம்பிச்சு நாலு மூலைக்கும் எட்டணும். என்ன அண்ணா?"

"எட்டுக் கை நட்சத்திரமா?" மாஸ்டரின் கண் அகன்றது. "காலமெல்லாம் துணி தைச்ச அப்பாவே அதுல கை வைக்க மாட்டாரே, குட்டி."

"அப்பாவுக்கு உன்னை மாதிரி வெட்டத் தெரியாது. வெட்டற நீ இருக்கே, தைக்கற நான் இருக்கேன்."

நாங்க என்றாளே, அந்த ஒரு சொல் இஸ்திரியம்மாவை உறுத்தியது. போர்வை யாருக்கு? எனக்கும் என் புருஷனுக்கும். படுக்கை யாருடையது? எங்களுடையது. அதில் இந்த நாங்க எங்கிருந்து வந்தது?

நட்சத்திரம் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு கையும் பொடிப்பொடியான சாய்சதுரத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் சாய்த்து வெட்டியது. நேராக வெட்டிய துணி சொன்ன பேச்சுக் கேட்கும். சாய்த்து வெட்டியது, தையல்காரர்கள் கிராஸ் என்பார்களே, அது தொட்டால் நீளும், தூக்கினால் தொங்கும். ஒரு நூல் அகலம் பிசகினால் முனையோடு முனை சேராது. மாஸ்டர் ஆலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். ரொட்டியையும் முட்டையையும் தட்டில் வைத்து வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை காதில் விழும்.

அவர்கள் பேசிக்கொள்வதே தனி.

"அந்த..."

"கோடு போட்டதா?"

"ம். இல்ல, அதுக்கும்..."

"இந்தா."

இவ்வளவுதான். பாதி வாக்கியத்தை அண்ணன் ஆரம்பிப்பார், மீதியைத் தங்கை கையில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். இஸ்திரியம்மா இத்தனை வருஷக் குடித்தனத்தில் உப்பு டப்பாவைக்கூட முழுப் பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"நானும் ஏதாவது செய்யட்டுமா?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"ஐயோ, உங்களை விட்டுட்டு எப்படி அண்ணி? நான் தைச்சுத் தைச்சுத் தரேன், நீங்க தேச்சுத் தேச்சுக் கொடுங்க. உங்க கைப் பதம் யாருக்கு வரும்?" என்றாள் குட்டி.

பாராட்டுத்தான். ஆனால் பகல் முழுக்க ஊரார் துணியைத் தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதே இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுத்தால் பாராட்டு மாதிரியா இருக்கும்? அடுப்படி மேஜையில் கம்பளியை விரித்துத் தனியாக நின்று தேய்த்தாள். கிராஸ் துணியை எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, தள்ளி வைக்க வேண்டும். இழுக்கவே கூடாது. அப்படித்தான் தேய்த்தாள். உள்ளே இருவரும் சிரிக்கும்போதெல்லாம் பெட்டி துணியில் கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

சலவைக்கூடத்திலும் மழையால் ஒரே ரகளை. எதுவும் காயவில்லை. ஈர விரிப்புகளை உலர்த்தும் அறையில் ஆவி முட்டிக்கொண்டு நின்றது. விரிப்பின் ஒரு முனையை இஸ்திரியம்மாவும் மறுமுனையை மடிப்புக்காரியும் பிடித்து உதறி, நடுவில் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து மடித்தார்கள். மடிப்புக்காரிக்கு ஊர்க்கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"கட்டிலை இன்னும் இறக்கலையா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் முன்னறையிலதான் படுக்கறீங்க. நாத்தனார்?"

"அடுப்படியில. எனக்கு இங்கே சூடா இருக்கு அண்ணின்னு சொல்லிட்டா."

"பெட்ரூம்ல?"

"நட்சத்திரம் படுத்திருக்கு."

மடிப்புக்காரி விரிப்பைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தாள். "சிரிக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. எப்ப கிளம்பறாங்களாம்?"

"மழை விட்டதும்."

"மழை எப்ப விடும்?"

"என்னைக் கேட்டா? மேல போய்க் கேளு."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அண்ணன் தங்கச்சி பாசத்துல எல்லாம் நாம மூக்கை நுழைக்கக் கூடாது. கூடப் பிறந்தது கூடப் பிறந்ததுதான். நாம நடுவுல வந்தவங்க."

ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அன்றைக்கு இஸ்திரியம்மா தேய்த்த ஒரு சீருடைக் காலரில் பழுப்பு விழுந்து மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவள் ஒரு முடிவோடு போனாள். இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவளாக மட்டும் இருக்கப்போவதில்லை. அவளிடம் பழைய மஞ்சள் சட்டை ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. எத்தனை தடவை துவைத்தாலும் நிறம் போகாத மஞ்சள். அதை வெட்டி நட்சத்திரத்தின் நடுவில் வைக்கலாமே. அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அறை வாசலில் நின்றாள்.

உள்ளே குட்டி ஒரு பச்சைத் துண்டை நடுவில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூளையை எங்கேயாவது கழட்டி வச்சுட்டு வந்தியா?" என்று மாஸ்டர் கத்தினார். "பச்சையாம் பச்சை! தவளை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. எடுடி அதை!"

"நீ வச்ச சாம்பல் மட்டும் வாழுதாக்கும்? எலி செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு!"

"எலியா? உன் மூஞ்சி எலி!"

இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் துணியை எறிந்து, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். ஆலையில் பத்துப் பேரை வேலை வாங்குகிற மனுஷன்!

இஸ்திரியம்மா தொண்டையைச் செருமினாள். "நடுவுல இந்த மஞ்சளை வச்சா என்ன?"

சிரிப்பு நின்றது. மாஸ்டர் எழுந்து வந்து சட்டையை வாங்கினார். விரித்தார். தங்கையை ஒரு பார்வை பார்த்தார். தங்கை குனிந்துகொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா," என்றார், அவருடைய வழக்கமான பதமான குரலில். "வச்சுப் பார்க்கலாம்."

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது நடுவில் சாம்பல் தைத்து முடிந்திருந்தது. மஞ்சள் சட்டை அழகாக மடித்து அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது. அவள் மடிப்பதைவிட நன்றாகவே மடித்திருந்தார்கள்.

தவளை என்று சொல்லியிருக்கலாம். எலி என்று சொல்லியிருக்கலாம். உன் மூளையைக் கழற்றி வைத்தாயா என்று கேட்டிருக்கலாம். விருந்தாளியிடம் சொல்வதுபோல நல்லாத்தான் இருக்கும்மா என்று சொல்லிவிட்டு, விருந்தாளி கொண்டுவந்த பண்டத்தைப் போல ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்களே. அடுப்படியில் நின்று அவள் அழவில்லை. அழுதால் யாராவது வந்து பதமாகக் கேட்பார்கள்.

தேய்ப்பதற்காக மேஜையில் நான்கு கைகள் அடுக்கியிருந்தன. முதல் நான்கை ஏற்கெனவே ஒழுங்காகத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். இவை மீதி. தண்ணீர் தெளித்தாள். பெட்டியை நன்றாகச் சூடேற்றினாள். வைத்தாள். தூக்கவில்லை. வைத்த பெட்டியைச் சாய்த்து, கிராஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக மெல்ல இழுத்தாள். துணி இளகிக் கொடுத்தது. அடுத்த துண்டு. அதற்கடுத்தது. பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது; சுருக்கமில்லாமல் பளிச்சென்று இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவள் இவ்வளவு சுத்தமாக ஒரு தப்பைச் செய்ததில்லை.

விடுமுறை நாளன்று எட்டுக் கைகளையும் இணைத்துத் தரையில் விரித்தார்கள். இஸ்திரியம்மா மூன்று கோப்பைத் தேநீரோடு வாசலில் நின்றாள்.

நட்சத்திரம் படியவில்லை.

ஒரு பாதி தரையோடு தரையாகப் படுத்தது. மறுபாதி அலையலையாக எழும்பி நின்றது. மாஸ்டர் உள்ளங்கையால் நீவினார். ஒரு பக்கம் நீவினால் இன்னொரு பக்கம் பொங்கியது. குட்டி நாலு மூலையிலும் புத்தகங்களை வைத்து அழுத்தினாள். நடுவில் சாம்பல் துண்டு கூடாரம் மாதிரி எழுந்தது.

"நீ வெட்டினதுல கோளாறு," என்றாள் குட்டி.

"என் வெட்டுலயா?" மாஸ்டர் அளவுக்கு வைத்து வெட்டிய அட்டைத் துண்டை எடுத்து முதல் கையில் வைத்தார். சரியாக இருந்தது. ஐந்தாவது கையில் வைத்தார். துணி அட்டையைத் தாண்டி வெளியே நின்றது. அவர் அந்தத் துணியை விரல் நுனியால் தடவினார். திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

பிறகு மாஸ்டர் தங்கை பக்கம் திரும்பினார்.

"இழுத்து இழுத்துத் தைச்சிருக்கே."

"நானா? மெஷின் அது பாட்டுக்குத் துணியை வாங்கிக்கிச்சு. நான் இழுக்கவே இல்ல."

"பின்ன யாரு இழுத்தா, பேயா? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? வாய் ஓயாம பேச்சு, சிரிப்பு, கூத்து! கிராஸ்னா என்னன்னு தெரியாது, எட்டுக் கை நட்சத்திரமாம்! இந்தக் கையை வச்சுக்கிட்டா கடையில உட்கார்ந்திருக்கே? எல்லா வேலையும் பாழாப்போச்சு. நீ காலடி எடுத்து வச்ச நாள்லேருந்து இந்த வீட்டுல உருப்படியா ஒரு வேலை நடக்கல. கட்டில் தூக்கி நிறுத்தியிருக்கு, சோறு ஆறிப்போகுது. எதுக்கு வந்தே?"

எலி, தவளை என்று கத்தின குரல் இல்லை இது. குட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டு அதே ஐந்தாவது கையைக் கையில் எடுத்தாள். அண்ணன் பார்த்த மாதிரியே தடவி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து இஸ்திரியம்மாவைப் பார்த்தாள்.

இதோ சொல்லப்போகிறாள் என்று இஸ்திரியம்மா நினைத்தாள்.

"என் கையிலதான் தப்பு வந்திருக்கும், அண்ணா," என்றாள் குட்டி. "கூரையை இந்நேரம் கொஞ்சம் அடைச்சிருப்பாங்க. நான் கிளம்பறேன்."

பெட்டியைக் கட்ட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மெஷினை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மாஸ்டர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. வாசல் வரை இஸ்திரியம்மாதான் போனாள். என்ன சொல்வது என்று தெரியாமல் குடையை நீட்டினாள்.

"வேணாம் அண்ணி, என்கிட்ட இருக்கு. கதவைச் சாத்திக்கோங்க, சாரல் அடிக்குது."

அவ்வளவுதான் சொன்னாள்.

கட்டில் கீழே இறங்கியது. மெத்தை விரிந்தது. கிழிந்த சாக்கு என்று பெயர் வாங்கிய பழைய போர்வை திரும்பி வந்தது. அறை இஸ்திரியம்மாவுக்கே கிடைத்துவிட்டது. நாள் முழுக்க மாஸ்டர் பதமாகவே பேசினார். முட்டை நல்லாயிருக்கும்மா. கால் வலிக்குதாம்மா, உட்காரு. அவர் பேசப் பேச அவளுக்குக் குட்டியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒழுகுகிற வீட்டில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதுவும் செய்யாத தப்புக்கு.

அடுத்த நாள் மாலை மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து நட்சத்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சின்னக் கத்தரியால் தையலை ஒவ்வொன்றாக வெட்டி, நூலை உருவி, மடியில் சேர்த்தார். இஸ்திரியம்மா எதிரில் நின்றாள்.

"தைச்சதுல குட்டி தப்பு இல்லைங்க."

"ம்."

"நான் தேய்க்கும்போது..." அவர் மடியில் கிடந்த நூலைப் பார்த்தாள். "வேணும்னேதான். இழுத்துத் தேச்சேன்."

அவர் நூலை உருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"தைக்கும்போது இழுத்தா தையலோரம்தான் கோணும். இதுல நடுத்துணியே நீண்டிருக்கு. பெட்டி இழுத்த பளபளப்பு வேற. கையில எடுத்ததுமே தெரிஞ்சிடுச்சு."

இஸ்திரியம்மா கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சே அவளை அப்படித் திட்டினீங்களா?"

"வேற என்ன பண்றது? யாரையாவது திட்டித்தானே ஆகணும். அவ என் தங்கச்சி. என்ன சொன்னாலும் தாங்கிக்குவா. நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, அஞ்சாம் நாள் அண்ணான்னு வந்து நிப்பா. உன்னைச் சொன்னா..." அவர் நிறுத்தினார்.

"சொன்னா?"

"நீ மனசுல வச்சுக்குவேம்மா. எதுக்கு வம்பு? நாம ரெண்டு பேர்தானே."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். இஸ்திரியம்மாவுக்கோ ஓங்கி ஒரு அறை வாங்கியதுபோல் இருந்தது. குட்டியைத் துரத்தியாயிற்று, கட்டிலை இறக்கியாயிற்று, ஜெயித்தாயிற்று என்று நினைத்திருந்தாளே! என்ன ஜெயித்தாள்? என்ன திட்டினாலும் அறுந்துபோகாது என்ற நம்பிக்கையில் அந்தப் பெண்ணை அப்படித் திட்டியிருக்கிறார். இவளிடம் அந்த நம்பிக்கை இல்லை. இத்தனை வருஷமாக ஏம்மா, என்னம்மா என்று சொல்லிச் சொல்லி, உடைந்துவிடும் என்று பயந்து பயந்து குடித்தனம் நடத்தியிருக்கிறார். குட்டிக்குக் கிடைத்த அந்தத் திட்டின் மேல் அவளுக்கு அப்போது வந்த பொறாமை, குட்டியின் மேல்கூட வந்ததில்லை.

"என்னைத் திட்டுங்க," என்றாள்.

"என்னம்மா இது?"

"அம்மா கிம்மா எல்லாம் வேணாம். நான் பண்ணினது அயோக்கியத்தனம். திட்டுங்க."

"விடும்மா. ஆனது ஆச்சு. பிரிச்சு மறுபடி..."

"மஞ்சள் சட்டை எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கத்தரியைக் கீழே வைத்தார்.

"கேவலமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"கேவலம்னா கேவலம், மஞ்சக்காமாலை வந்த மாதிரி! அதைப் போய் நடுவுல வைக்கச் சொல்றியே, கண்ணு இருக்கா உனக்கு?" அவர் எழுந்து நின்றிருந்தார். குரலும் எழுந்தது. "அதைச் சொல்லலைன்னு துணியைக் கெடுப்பியா? ஏண்டி, அறிவிருக்கா? எத்தனை நாள் உழைப்பு! என் கையால வெட்டினதை உன் கையால நாசம் பண்ணிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி டீ ஆத்திக்கிட்டு வந்து நிக்கறே! அந்தப் பொண்ணு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாயைத் திறக்காம மழையில போச்சு. உன்னால நான் அவளைப் பார்த்து 'எதுக்கு வந்தே'ன்னு கேட்டுட்டேன். நாளைக்குக் காலையில நீயே போறே. உன் வாயால சொல்லிக் கையோட கூட்டிக்கிட்டு வரே. வரலைன்னா நீயும் அங்கேயே ஒழுகற கூரைக்குக் கீழ உட்காரு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. தங்கமான மனுஷனின் குரல் தெருவில் இதுவரை கேட்டதே இல்லை. இஸ்திரியம்மா கட்டில் சட்டத்தை விடாமல் நின்று, ஒரு வார்த்தைகூடச் சிந்தாமல் வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீராகக் கொட்டியது, அவள் துடைக்கவில்லை.

மூச்சு வாங்குவதற்காக மாஸ்டர் நிறுத்தினார். எங்கே உடைந்துவிட்டாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள் இஸ்திரியம்மா. "குட்டியை இதைவிட ரொம்ப நேரம் திட்டினீங்க."

மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.